துரு இன்னும் சாப்பிடவில்லை

கவரைப்பேட்டை
1 மார்ச் 2025

தணிகைவேல் அவர்களுக்கு,

இளமதி எழுதுகிறேன். நலம் விசாரிக்க எழுதவில்லை.

நேற்று வக்கீல் ரகுநந்தன் ஃபோன் செய்தார். "உங்க வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போனதுலேர்ந்து ஒண்ணே ஒண்ணுதாம்மா கேக்கறாரு. நாய் இருக்குதா, செத்துடுச்சா?" என்றார். "என் தம்பி கை எப்பிடி கீதுன்னு கேட்டாரா சார்?" என்று நான் கேட்டேன். ஏதோ கோர்ட்டுத் தேதியைச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டார்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அன்புராஜுக்கு ஆபரேஷன் முடிந்தது. வலது கையில், முழங்கைக்கு மேலே பிளேட் வைத்திருக்கிறார்கள். விரல்கள் மடங்குகின்றன, ஆனால் பிடிப்பு இல்லை. தண்ணீர் டம்ளரை இடது கையால் எடுக்கிறான், பாதி சட்டையில் ஊற்றிக்கொள்கிறான். அவனுடைய வாத்துகளைப் பக்கத்து வீட்டுச் சுப்பராயன்தான் இப்போது வயலுக்கு ஓட்டிக்கொண்டு போகிறார். அம்மா அடுத்த தெருவில் இருந்துகொண்டே என்னோடு பேசுவதில்லை. என் முகத்தைப் பார்த்தால் உங்கள் முகம் தெரிகிறதாம்.

நாய் இருக்கிறது. மாட்டுக் கொட்டகையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஈரத்தில் படுத்திருக்கிறது. வாந்தி நின்றுவிட்டது. மூக்கில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. எதையும் சாப்பிடவில்லை. சோறு வைத்தேன், பால் வைத்தேன், பிஸ்கட் போட்டேன். காக்கை வந்து தின்றுவிட்டுப் போகிறது. அது தலையைக்கூடத் தூக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நான் அதற்கு ஒரு நாளும் சோறு வைத்தவள் இல்லை. மில்லில் பழைய இரும்புக் குவியலுக்குள் கிடந்தது என்று சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தீர்கள். இரும்புக் கறை மாதிரி நிறம் என்று 'துரு' என்று பெயர் வைத்தீர்கள். "ஊட்டுக்குள்ள வரக்கூடாது" என்று நான் சொன்னேன். நாலு வருஷமாக அது வாசற்படியைத் தாண்டியதில்லை. எனக்கும் அதற்கும் இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

அதற்கு என்ன பிடிக்கும், எப்படிக் கொடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம். மனு போட்டுப் பார்க்க நான் வரமாட்டேன். ஃபோனில் பேசவும் என்னால் முடியாது. உங்கள் குரலைக் கேட்டால், அன்று நான் ஓடி வருவதற்குள் டீக்கடை வாசலில் என் தம்பி போட்ட சத்தம்தான் காதில் விழும்.

இளமதி


புழல்
4 மார்ச் 2025

மதிக்கு,

கடிதம் வந்தது. துரு இருக்கிறான் என்ற வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். பக்கத்தில் படுக்கும் பாக்கியநாதன், "இன்னா நைனா, புள்ள பொறந்துக்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் அவனை ஈரத்திலிருந்து எடு. வைக்கோல் பரப்பி, மேலே கோணி போட்டுப் படுக்க வை. தட்டில் வைக்காதே. உடம்பு முடியாதபோது தட்டுச் சத்தமே அவனுக்குப் பிடிக்காது. உள்ளங்கையில் வை. சோற்றை நன்றாகக் குழைத்து, கோழிக்கால் வேகவைத்த தண்ணீரை ஊற்றிப் பிசை. உப்பு, காரம் வேண்டாம். வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், ஆறிப்போனால் அவனுக்கு வாசனை ஏறாது. ஒரு விரலில் எடுத்து மேலுதட்டில் தடவிவிடு, தானாக நக்குவான். எதிரில் உட்கார்ந்துகொண்டு அவன் முகத்தையே பார்க்காதே. நீ பார்த்தால் அவன் சாப்பிடமாட்டான். பக்கத்தில் எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார். சாப்பிடாவிட்டால் எடுத்துக்கொண்டு வந்துவிடு, அங்கேயே வைத்துவிட்டு வராதே. அப்புறம், பேசு. நாயோடு என்ன பேசுவது என்று கேட்பாய். பால் கறக்கும்போது மாட்டோடு பேசுவாயே, அதையே இவனோடும் பேசு.

உன் தம்பியைப் பற்றி எழுதியிருந்தாய். நான் என்ன எழுதட்டும்? ஊர் நடுவில் நின்று, "இன்னொரு தபா என் வாத்து மேல வாய் வெச்சா, சோத்துல மருந்து கலந்து வெச்சிருவேன்" என்று சொன்னவன் அவன். துரு ரெண்டு வாத்தைக் கடித்தது தப்புதான், அதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன், வேறு வாத்து வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னேன். அந்த வாரமே துரு வாந்தி எடுத்தான், மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. மில்லில் எலி மருந்து தின்ற நாய் இப்படித்தான் ரத்தம் விட்டுச் செத்தது. என் கண்ணால் பார்த்தவன் நான். எனக்குக் கண் இருண்டுவிட்டது. கொட்டகையில் கிடந்த பைப் கையில் கிடைத்தது. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வக்கீலும் அதைத்தான் ஜாமீன் மனுவில் எழுதியிருக்கிறார். வளர்த்த நாய்க்கு விஷம் வைத்த ஆத்திரத்தில் நடந்தது என்று. நமக்கு இருக்கிற ஒரே பிடி அதுதானாம். நீ ஜாமீன் கையெழுத்துக்கு ரெண்டு பேரைப் பார்த்து வை. அரசப்பனைக் கேள், மாட்டேன் என்று சொல்லமாட்டான்.

துருவின் நகம் வளர்ந்திருந்தால் வெட்டாதே. அவனுக்கு அது பயம்.

தணிகை


கவரைப்பேட்டை
8 மார்ச் 2025

தணிகைவேல் அவர்களுக்கு,

நீங்கள் எழுதியபடி எல்லாம் செய்து பார்த்தேன். கோணி போட்டேன். கோழிக்கால் தண்ணீர் ஊற்றிக் குழைத்து உள்ளங்கையில் வைத்தேன். உதட்டில் தடவினேன். நக்கியது, பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது. பேசவும் பேசினேன். "இன்னா வேணும் உனக்கு? அவரு வரமாட்டாரு. நான்தான் கீறேன். துன்னா துன்னு, துன்னாட்டிப் போ" என்று சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன். மாடு திரும்பிப் பார்த்தது.

வியாழக்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டேன். பாக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர், "நாய்க்கு ஒடம்பு சரியில்லன்னு யாராவது லீவு கேப்பாங்களாம்மா?" என்றார். அரசப்பனின் லோடு ஆட்டோவில் நாயைக் கோணியோடு தூக்கிப் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதல் முறையாக அதைத் தூக்கினேன். இவ்வளவு பெரிய நாய் இவ்வளவு லேசாக இருக்குமா?

டாக்டர் பெயர் செங்கமலவல்லி. திருவள்ளூரிலிருந்து தினமும் வந்து போகிறாராம். நாயின் உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார், சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. காதை மடித்துக் காட்டினார். கால் விரல் இடுக்கைப் பிரித்துக் காட்டினார். ஆமணக்குக் கொட்டை மாதிரி உண்ணிகள், ஒன்றின் மேல் ஒன்றாக. ரத்தம் எடுத்துக்கொண்டு மறுநாள் வரச் சொன்னார்.

மறுநாள் போனேன். இனி சொல்வதை நிதானமாகப் படியுங்கள்.

"உண்ணிக் காய்ச்சல்மா" என்றார். "ரத்தத்துலயே கிருமி தெரியுது. ரத்தம் ரொம்பக் கொறஞ்சு போயிருக்கு."

"வெஷம் இல்லையா டாக்டர்?"

"இல்லையே. ஏன்?"

"மூக்குல ரத்தம் வந்துச்சே."

"இந்தக் காய்ச்சல் முத்தினா அப்படித்தான் வரும். எலி மருந்தா இருந்தா வைத்தியமே பாக்காம இத்தனை நாள் தாங்கியிருக்காது. இது ஒரு மாசமாவது உள்ள இருந்திருக்கும்."

நான் மறுபடி கேட்டேன். மறுபடியும் கேட்டேன். "எத்தனை தடவைமா சொல்றது? வெளியில இன்னும் ஆறு மாடு நிக்குது" என்று சலித்துக்கொண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து நாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரசப்பன் ஆட்டோவை ஸ்டார்ட் செய்துவிட்டுக் கூப்பிடுகிறார், நான் மாத்திரைச் சீட்டையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷம் இல்லை. என் தம்பி எதுவும் வைக்கவில்லை.

இளமதி


புழல்
11 மார்ச் 2025

மதி,

யார் அந்த டாக்டர்? உன் அம்மா வீட்டு ஆட்கள் யாராவது முன்னாடியே போய்ப் பேசிவிட்டு வந்தார்களா? நாய்க்கு உண்ணி இல்லாத ஊர் எது? நம் ஊரில் எந்த நாயைப் பிடித்து ரத்தம் எடுத்தாலும் ஏதாவது கிருமி இருக்கத்தான் செய்யும். மருந்து வைப்பேன் என்று சொன்ன அதே வாரத்தில் காய்ச்சலும் வந்ததா? இதை நான் நம்ப வேண்டுமா?

உனக்குத் தம்பிதான் முக்கியம் என்றால் அதை நேராகவே எழுது. நான் இங்கே கொசுக்கடியில் கிடக்கிறேன். எனக்கு வெளியே பேசுவதற்கு உன்னை விட்டால் யார்?

விஷம் இல்லை என்று வெளியில் எவரிடமும் சொல்லாதே. வக்கீலிடம் நிச்சயமாகச் சொல்லாதே. மனு இருபத்தைந்தாம் தேதி வருகிறது. அதுவரை வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

அவனுக்கு மாத்திரையை விடாமல் கொடு. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுப்பான்.

தணிகை


கவரைப்பேட்டை
15 மார்ச் 2025

தணிகைவேல் அவர்களுக்கு,

டாக்டர் பொய் சொல்கிறார் என்று எழுதிவிட்டு, அந்த டாக்டர் கொடுத்த மாத்திரையை விடாமல் கொடுக்கச் சொல்லியும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை நீங்களே ஒரு தடவை படித்துப் பார்க்கவில்லையா?

வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னீர்கள். உங்கள் கடிதம் வந்து சேருவதற்கு முன்பே நான் ஆரணிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்துவிட்டேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளுங்கள். அன்புராஜுக்கும் சுமலதாவுக்கும் சித்திரையில் வைத்திருந்த கல்யாணத்தை அவள் அப்பா தள்ளி வைத்துவிட்டார். கை உடைந்ததற்காக இல்லை. நீங்கள் டீக்கடை வாசலில் பைப்பைப் பிடித்துக்கொண்டு, "வாயில்லாத ஜீவனுக்கு மருந்து வெச்சவன்டா இவன்" என்று கத்தினீர்களே, அது ஆரணி வரைக்கும் போய்விட்டது. இப்படிப்பட்டவனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று அவருக்கு யோசனையாம்.

நான் போய் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "உம் புருசனே கோர்ட்ல எழுதிக் குடுத்துக்கிறாராமே, வெஷம் வெச்சான்னு. கட்னவரு ஒண்ணு சொல்றாரு, நீ ஒண்ணு சொல்ற. நாங்க எத்தம்மா நம்பறது?" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது உங்கள் மேல் வந்த கோபத்தில் என் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

நாய் மோசமாக இருக்கிறது. தானாக ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஊசி இல்லாத சிரிஞ்சு கொடுத்து, கஞ்சியைக் கன்னத்துப் பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னார் டாக்டர். பல்லைக் கடித்துக்கொள்கிறது. பாதி என் புடவையில்தான் போகிறது. "மருந்து வேலை செய்யுதும்மா, காய்ச்சல் எறங்கிடுச்சு. ஆனா இது சாப்பிடணும்னு நெனைக்கணும். அதுக்கு எங்கிட்ட ஊசி கிடையாது" என்றார்.

நேற்று சாயங்காலம் அன்புராஜ் வந்தான். அன்றைக்குப் பிறகு நம் வீட்டுக்கு அவன் வருவது இதுதான் முதல் தடவை. தூளி கட்டிய கையோடு கேட்டுக்கு வெளியிலேயே நின்றான்.

"இன்னாக்கா, இன்னும் கீதா?"

"கீது. துன்ன மாட்டேங்குது."

"நான் ஒண்ணும் வெக்கலக்கா. வாத்து செத்த ஆத்திரத்துல வாய்ல வந்தத சொல்ட்டேன். சத்தியமா ஒண்ணும் வெக்கல."

"தெரியும்டா."

"உனுக்குத் தெரிஞ்சிச்சு. ஊருக்கு?"

நான் சிரிஞ்சை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனேன். அவனும் பின்னால் வந்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, குந்தி உட்கார்ந்து, இடது கையால் நாயின் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். அது அவன் கையை முகர்ந்தது. உறுமவில்லை. நான் ரெண்டு கை, அவன் ஒரு கை, மூன்று கையுமாகச் சேர்ந்து ஒரு டம்ளர் கஞ்சியை உள்ளே இறக்கினோம். இதுவரை இறங்கியதில் அதுதான் அதிகம்.

போகும்போது, "அந்த ஆளு இன்னா எழுதறான்?" என்று கேட்டான்.

"மாத்திரய வுடாம குடுக்கச் சொல்லி எழுதிக்கிறாரு."

அவன் சிரித்தான். அது சிரிப்பு மாதிரியே இல்லை.

இனி உங்களோடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. நாய் பிழைத்தால் எழுதுகிறேன். செத்தாலும் எழுதுகிறேன்.

இளமதி


புழல்
18 மார்ச் 2025

மதி,

உன் கடிதம் வந்ததிலிருந்து தூக்கம் இல்லை.

மாட்டுப் பொங்கலன்று ஏரியில் மாட்டைக் குளிப்பாட்டும்போது துருவையும் இழுத்துப் போட்டுக் குளிப்பாட்டினேன். நீ கரையில் நின்று, "மாட்டுக்குப் போட்ற சோப்ப நாய்க்குப் போடாத" என்று கத்தினாய். அப்போது அவன் காதுக்குப் பின்னால் உண்ணிகளைப் பார்த்தேன். ஐந்தாறைப் பிடுங்கிக் கல்லில் வைத்து நசுக்கினேன். விரல் இடுக்கிலும் இருந்தன. மருந்து வாங்கிப் போட வேண்டும் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து மில்லில் டபுள் ஷிஃப்ட். மறந்துவிட்டேன்.

அப்புறம் தை கடைசியில் அவன் சோற்றைப் பாதியில் விட ஆரம்பித்தான். வண்டிச் சத்தம் கேட்டால் கேட் வரைக்கும் ஓடி வருபவன், படுத்த இடத்திலிருந்தே வாலை ஆட்டினான். வெயில் ஏறுகிறது, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாத்துச் சண்டை வந்தது இதற்கெல்லாம் பிறகுதான். இப்போது வரிசையாக ஞாபகம் வருகிறது. டாக்டர் உண்ணி என்று சொன்னதை நீ எழுதியபோதே கொஞ்சம் வந்தது. நான்தான் தள்ளிவிட்டேன்.

ஏனென்றால், விஷம் இல்லை என்றால் நான் செய்ததற்கு என்ன பேர்?

அவன் என்னைப் பார்த்து, "மாமா, இன்னா மாமா, இன்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டேதான் பின்னால் போனான். நான் உனக்குச் சொல்லவில்லை. கையை முகத்துக்குக் குறுக்கே வைத்தான். அந்தக் கையில்தான் விழுந்தது. முதல் அடி விழுந்தபோதே ஏதோ உடைந்த மாதிரி என் கைக்குத் தெரிந்தது. நான் நிறுத்தவில்லை. கண் இருண்டுவிட்டது, ஞாபகம் இல்லை என்று எழுதினேனே, அது பொய். எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

ஜாமீன்தாரர் பார்க்கச் சொல்லி இனி கேட்கமாட்டேன்.

அவன் விரல் மடக்க எண்ணெய் போட்டு நீவச் சொல்லலாமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார். நான் சொன்னேன் என்று சொல்லாதே.

துருவைப் பற்றி எழுது. எதுவானாலும் எழுது.

தணிகை


கவரைப்பேட்டை
21 மார்ச் 2025

தணிகைவேல் அவர்களுக்கு,

துரு சாப்பிட்டது.

எப்படி என்று எழுதுகிறேன். நீங்கள் சொன்னதும் இல்லை, டாக்டர் சொன்னதும் இல்லை. புதன்கிழமை காலை, கம்பெனி வேன் வருவதற்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. முந்தின நாள் நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. கஞ்சி காய்ச்சுவதும் சிரிஞ்சு கழுவுவதும் கோணி துவைப்பதுமாகவே போய்விட்டது. பசி காதை அடைத்தது. பழைய சோற்றில் மீதி இருந்த கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டு, கொட்டகை வாசலில் வெளிப்பக்கம் பார்த்து உட்கார்ந்து அள்ளி அள்ளித் தின்றேன். நாய் ஞாபகமே எனக்கு இல்லை. தட்டு என் காலடியில் இருந்தது.

முழங்கையில் ஈரமாக ஏதோ பட்டது. மூக்கு. எப்போது எழுந்து வந்தது என்று தெரியாது. நாலு காலும் நடுங்குகிறது, நிற்க முடியாமல் என் மேல் சாய்ந்துகொண்டிருக்கிறது. தட்டுக்குள் தலையை விட்டு ஒரு வாய் எடுத்தது. கீழே போட்டது. திரும்ப எடுத்தது. விழுங்கியது.

காரம் ஆகாது, உப்பு ஆகாது, முள் இருக்கும் என்று எல்லாம் மண்டைக்குள் ஓடியது. முள்ளை மட்டும் விரலால் தள்ளித் தள்ளி ஒதுக்கினேன். மூச்சுவிடக்கூடப் பயமாக இருந்தது. வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. என் எச்சில் தட்டில் மீதியை அது தின்றது, நான் பார்க்காத மாதிரி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரிடம் ஃபோனில் சொன்னபோது திட்டினார். திட்டி முடித்துவிட்டு, "சரி, சாப்பிட்டுச்சா?" என்று இன்னொரு தடவை கேட்டார். நேற்று கருவாட்டை உப்புப் போகக் கழுவி வேகவைத்து, அந்தத் தண்ணீரை மட்டும் ஊற்றிப் பிசைந்தேன். கொஞ்சம் தின்றது. இன்றைக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம். ஈறில் இப்போதுதான் லேசாக நிறம் வந்திருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். படித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன், துணி துவைத்தேன், திரும்ப வந்து இன்னொரு தடவை படித்தேன். "மாமா, இன்னா ஆச்சு" என்று கேட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அவன் இதுவரை என்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

எனக்கு நீங்கள் எழுதிவிட்டீர்கள். எனக்கு மட்டும் எழுதினால் என்ன பிரயோஜனம்? மனுவில் அந்த வரி இன்னும் இருக்கிறது. அது இருக்கும் வரைக்கும் என் தம்பி இந்த ஊரில் மருந்து வைத்தவன்தான். இருபத்தைந்தாம் தேதி அதை வைத்து நீங்கள் வெளியே வந்தால் வாருங்கள். நான் தடுக்கமாட்டேன், கையெழுத்துப் போட அரசப்பனும் தயாராக இருக்கிறார். ஆனால் அப்படி வந்தால் இந்த வீட்டுக்கு வர வேண்டாம். துருவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இளமதி


புழல்
26 மார்ச் 2025

மதி,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. மறுநாள் கோர்ட்டு. சாயங்காலம் வக்கீல் பார்க்க வந்தபோது சொல்லிவிட்டேன்.

"அந்த வெஷம் வெச்ச விஷயத்த எடுத்துருங்க சார்."

"என்னங்க இது, கடைசி நேரத்துல? அதை எடுத்துட்டா காரணமே இல்லாம அடிச்சீங்கன்னு ஆயிடும்."

"காரணம் இல்லாமத்தான் சார் அடிச்சேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜாமீன் கிடைக்காது, கேஸும் கெட்டுப் போகும், பின்னால் என்னைக் குறை சொல்லக் கூடாது என்றார். வீட்டில் கலந்து பேசினீர்களா என்று கேட்டார். பேசிவிட்டேன் என்றேன்.

நேற்று கோர்ட்டில் அவர் அந்த வாதத்தைக் கைவிடுவதாகச் சொன்னார். நாய்க்கு விஷம் வைக்கப்படவில்லை, அது நோய் என்று தெரிந்துவிட்டது என்றும் சொன்னார். எதிர்ப்பக்க வக்கீல் எழுந்து, அப்படியென்றால் வெறும் சந்தேகத்தில் ஒருவனுடைய கையை உடைத்தவரை வெளியே விட்டால் நாளைக்கு என்ன செய்வார் என்று கேட்டார். அவர் கேட்டது சரிதான். மனு தள்ளுபடி ஆகிவிட்டது. அடுத்தது எப்போது என்று தெரியாது.

நான் பெரிய மனுஷன் ஆகிவிட்டேன் என்று நினைக்காதே. ராத்திரி முழுக்க எனக்கு என் மேலேயே எரிச்சல். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்நேரம் கேட்டுக்கு வெளியே நின்றிருப்பேனே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. உன் மேலும் கோபம் வந்தது. காலையில் கொஞ்சம் குறைந்தது. இன்னும் முழுசாகப் போகவில்லை. பாக்கியநாதன், "கிறுக்கனா நீ?" என்று கேட்டுவிட்டுப் போர்வையை எனக்குப் போர்த்திவிட்டார்.

கோர்ட்டில் சொன்னதற்கு நகல் கிடைக்குமாம். வக்கீலிடம் கேட்டு வாங்கு. ஆரணிக்குக் கொண்டுபோய்க் காட்டு. டீக்கடையிலும் காட்டு. நான் கத்தியபோது அங்கே யார் யார் நின்றார்கள் என்று உனக்குத் தெரியும்.

துரு கருவாடு தின்றான் என்று படித்ததும் சிரித்தேன். நாலு வருஷமாக அவனுக்கு அதைக் காட்டாமல் வளர்த்தவன் நான்.

தணிகை


கவரைப்பேட்டை
31 மார்ச் 2025

தணிகைவேலுக்கு,

துரு கேட் வரைக்கும் நடக்கிறது. நடந்து போய் அங்கே உட்கார்ந்துகொள்கிறது. அரசப்பன் வண்டி வந்தால் எழுந்து நிற்கிறது, அது உங்கள் வண்டி இல்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்து படுக்கிறது. முதுகெலும்பு இன்னும் தெரிகிறது. உண்ணிக்கு மருந்து போட்டு, கொட்டகையை முழுக்கக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தேன். மாட்டையும் பார்த்தேன், அதன் மடிக்குப் பக்கத்தில் ரெண்டு இருந்தன.

நகலை வாங்கினேன். டீக்கடையில் காட்டினேன். சிலர் வாங்கிப் படித்தார்கள், சிலர் டீயைக் குடித்துக்கொண்டே, "அப்பிடியா" என்றார்கள். கெட்டது பரவின வேகத்தில் இது பரவாது என்று தெரிந்துதான் போனேன். ஆரணிக்குப் போனபோது சுமலதாவின் அப்பா வீட்டில் இல்லை. சுமலதாவிடம் கொடுத்தேன். வாசலில் நின்றபடியே படித்தாள். "நான் அவுர கேட்டதே இல்லக்கா, வெச்சியா இல்லையான்னு. கேக்காம நம்பிருக்கணும், இல்ல கேட்டாச்சும் இருந்திருக்கணும்" என்றாள். கல்யாணம் என்ன ஆகும் என்று தெரியாது. அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் நேற்று சுப்பராயன் கையில் நாலு வாத்து முட்டை கொடுத்தனுப்பினாள். யாருக்கு என்று சொல்லி அனுப்பவில்லை. ரெண்டை நான் தின்றேன், ரெண்டை துருவுக்கு வேகவைத்துப் போட்டேன்.

அன்புராஜுக்கு விரல் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ரப்பர் பந்தைப் பிடித்துப் பிடித்து விட வேண்டும். பந்து கையிலிருந்து நழுவி உருண்டால் துரு அதைப் பார்க்கிறது. எடுக்கப் போவதில்லை, அவ்வளவு தெம்பு இன்னும் வரவில்லை. பார்க்கிறது, அவ்வளவுதான். கை முழுசாகச் சரியாகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கேஸை அவன் வாபஸ் வாங்கப் போவதில்லை. நானும் கேட்கவில்லை.

நீங்கள் எழுதிய கடிதங்களை அவனுக்குப் படித்துக் காட்டினேன். சொல்லாதே என்று எழுதியிருந்த கடிதத்தையும் சேர்த்துத்தான். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. கொட்டகை வாசலில் உட்கார்ந்து பந்தைப் பிடித்துக்கொண்டே கேட்டான். "மாமா, இன்னா ஆச்சு" என்ற இடம் வந்தபோது பந்து அமுங்குவது நின்றது. நான் நிறுத்தட்டுமா என்றேன். "படிக்கா" என்றான். முழுக்கப் படித்தேன்.

முடிந்த பிறகு அவன் எழுந்து கேட் வரைக்கும் போனான். அங்கே நின்றுகொண்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டான்:

"உள்ள சோறுலாம் இன்னா மாரி போட்றாங்களாம்?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை கடிதத்தில் நான் அதைக் கேட்கவே இல்லை, நீங்களும் எழுதவில்லை.

ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?

இளமதி